விதி எழுதுவோருக்குச் சில சிக்கன யோசனைகள்

புதிய விதிமுறை ஒன்றை எழுதும் பொறுப்பு உங்கள் மேசைக்கு வந்துவிட்டதா? வாழ்த்துகள். வரைவை மக்களிடம் காட்டுங்கள் என்று யாராவது வருவார்கள். அதில் செலவு இருக்கிறது. கஜானாவைக் காக்கும் வழியைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியை வைத்துச் சொல்கிறேன். டெல்லியில் எழுதும் விதி கடைசியில் வந்து இறங்குவது இப்படியொரு ஊரில்தானே.

முதலில் மொழி. தமிழில் தந்தால் கறம்பக்குடி விவசாயி படிப்பார். படித்தால் மனு எழுதுவார். மனு வந்தால் பிரித்துப் பார்க்க ஆள் போட வேண்டும். ஆகவே இந்தி, ஆங்கிலத்தோடு நிறுத்துங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, 2020 உங்களுக்கு முன்னோடி. ஊரடங்கு அறிவிப்புக்கு முந்தைய நாளான மார்ச் 23 தேதியிட்டு, ஏப்ரல் 11 அரசிதழில் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம்! எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பத்து நாளில் வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழிபெயர்ப்புக் கூலியை மிச்சம் பிடிக்க வக்கீல் ஃபீஸ் ஆகும்தான். அது வேறு கணக்குத் தலைப்பு, கவலை வேண்டாம். இத்தனைக்கும் பிறகு பத்து லட்சத்துக்கும் மேல் கருத்துகள் குவிந்தது யாரும் எதிர்பாராத விபத்து.

அடுத்து அவகாசம். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி ஆட்சேபம் சொல்ல 60 நாள் தர வேண்டும். பதறாதீர்கள், ‘பொதுநலன் கருதி’ அந்த அறிவிப்பையே விட்டுவிடவும் அதே விதி வழி சொல்கிறது. எந்தச் சட்ட வரைவையும் 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லும் 2014-ஆம் ஆண்டுக் கொள்கையும் தங்கமானது: முடியாதென்றால் காரணத்தைக் கோப்பில் குறித்தால் போதும். ஒரு தாள் செலவு.

கருத்துக்கேட்புக் கூட்டமா? பந்தல், மைக், நாற்காலி, போலீஸ் பந்தோபஸ்து. 2020 ஜனவரி 16 திருத்தம், ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளுக்கு அந்தக் கூட்டமே வேண்டாம் என்றது.

அதே மாவட்டத்து நெடுவாசலை மட்டும் நினைக்காதீர்கள். 2017 பிப்ரவரி 15 அன்று அங்கே ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது, ஊரைக் கேட்கவில்லை. மறுநாளே மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று பரவி மாதக்கணக்கில் நீண்டது. விவசாயிக்குப் போன வேலைநாள், பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகளின் ஜீப் டீசல், கையெழுத்தாகியும் நடக்காத ஒப்பந்தம்: இவற்றுக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது. தலைப்பு இல்லாதது செலவும் இல்லை. ஒரு பந்தல் வாடகைதான் செலவு.

நல்லது செய்யும்போதும் கேட்காதீர்கள், பழகிவிடும். கறம்பக்குடி ஒன்றியத்தையும் சேர்த்துக் காப்பாற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், 2020 பிப்ரவரி 20 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. திருச்சியும் கரூரும் ஏன் விடுபட்டன என்று கேட்பதற்குள் வேலை முடிந்தது.

கறம்பக்குடி வாசகரே, இது உங்கள் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. பட்டுவிட்டதால் சொல்கிறேன்: முக்கியக் கொள்கை வகுக்கும்போது விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. வெளியிடாவிட்டால் மனுப் போடுங்கள். மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். தமிழிலேயே எழுதலாம்.