பிரேக் இல்லாத உல்லாசம்

அமெரிக்க ஏரிகளில் விடுமுறை நாட்களில் ஓடும் உல்லாச மோட்டார் படகுகளை ஆராயப் புகுவோர் முதலில் கவனிக்க வேண்டியது, அவற்றின் வேகத்தையோ விலையையோ அல்ல, அவற்றில் பொருத்தப்பட்டுள்ள ஸ்டீரிங்கையே. அந்த ஸ்டீரிங்கும், பக்கத்தில் சாவித் துவாரமும், எதிரே வேகம் காட்டும் முள்ளும், குளிர்பானம் வைக்கும் குழியும் ஒன்றுகூடி, இது சக்கரம் கழற்றிய கார்தான் என்ற எண்ணத்தை உட்கார்பவர் மனத்தில் உண்டாக்கிவிடுகின்றன. நீர்மேல் நேரும் சங்கடங்களில் கணிசமானவை இந்த ஓர் எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன எனலாம்.

மயக்கம் நீரைத் தொடுமுன்பே தொடங்கிவிடுகிறது. காரின் பின்னால் ட்ரெய்லரில் இழுத்து வந்த படகை, கரையிலிருந்து நீருக்குள் சரியும் இறக்குதளத்தில் பின்னோக்கி இறக்கி மிதக்கவிடுவது வழக்கம். உள்ளே தேங்கிய நீரைக் கரையில் வடிப்பதற்கென்று படகின் பின்புறத்தில் ஒரு துளையும், அதை மூட விரலளவு அடைப்பான் ஒன்றும் உண்டு. கரையில் திறந்திருக்கும் அத்துளை நீரில் மூடியிருக்க வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை; ஆயினும், அடைப்பானை வீட்டிலேயே விட்டு வந்து, புதுப்படகு மெல்ல மெல்லத் தாழ்வதைக் கண்டு திகைப்போர் இருக்கத்தான் செய்கின்றனர். விவரமறிந்தோர் அடைப்பானைப் படகின் சாவியோடு சேர்த்துக் கோத்து வைப்பது இதனால்தான். கைப்பிரேக் போட மறந்தவரின் கார், இதற்கு நேரெதிரான தவறைச் செய்து, தன்னைப் படகென்று எண்ணி ஏரிக்குள் இறங்குவதும் உண்டு.

காரில் பெட்ரோல் கசிந்தால் தெருவில் சொட்டும். படகில் அதற்குப் போக்கிடம் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது ஆதலால், எஞ்சின் உள்ளேயே அமைந்த படகுகளில் அது அடிப்பகுதியில் தங்கி, ஒரு தீப்பொறிக்காகப் பொறுமையோடு காத்திருக்கும். அதை வெளியேற்றும் ப்ளோயர் என்ற மின்விசிறியை, எஞ்சினைக் கிளப்புமுன் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும். 4 நிமிடம் பெரிய நேரமன்று. கரையில் மைத்துனர் குடும்பத்தோடு நின்று பார்க்கையில் மட்டும் அது ஒரு யுகமாகிவிடுகிறது.

கார் முன்சக்கரத்தால் திரும்புகிறது. முன்பக்கம் போன வழியே பின்பக்கமும் ஏறக்குறைய வந்துவிடும். படகோ பின்பக்கத்தால் திரும்புகிறது: அமரம் எனப்படும் பின்முனையில் எஞ்சினின் விசிறி தண்ணீரைத் தள்ள, அமரம் ஒருபுறம் வீசப்பட்டு, அணியம் எனப்படும் முன்முனை மறுபுறம் திரும்புகிறது. மேடையை ஒட்டிக் கட்டிய படகை எடுக்கும் புதியவர், சாலையோரத்திலிருந்து கார் எடுக்கும் பழக்கத்தில் ஸ்டீரிங்கைச் சட்டென்று ஒடிக்கிறார்; அணியம் விலகுகிறது, அமரம் மேடையில் மோதுகிறது, மேடையில் நிற்பவர்கள் கருத்துத் தெரிவிக்கிறார்கள். இதில் போவது பெயின்ட் மட்டுமே. உயிர் போகக்கூடிய செய்தி ஒன்றும் இதே விதிக்குள் அடங்கியுள்ளது. ஓடும் படகின் வலப்புறம் ஒருவர் விழுந்துவிட்டால், சாலையில் பழகிய கை அவரை விட்டு விலகி இடப்புறம் ஒடிக்கத் துடிக்கும். அப்படி ஒடித்தால் அமரம் அவர் மேலேயே வீசப்படும், விசிறி இருப்பதோ அங்கேதான். ஆகவே விழுந்தவர் இருக்கும் பக்கமே திருப்ப வேண்டும் என்பதும், திரும்பி வந்து அவரை நெருங்கியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பதும், அதுவரை படகிலுள்ள ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல் அவரையே பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் பயிற்சியின் அரிச்சுவடி. அலைகளுக்கிடையே ஒரு தலை எவ்வளவு விரைவில் காணாமல் போகும் என்று அறிந்தவர்கள், விரல் நீட்டும் வேலையை அற்பமாகக் கருதமாட்டார்கள்.

விழுந்தவர் ஓட்டுநரே ஆனால் நிலைமை இன்னும் சிக்கலானது. ஆளில்லாப் படகு நேரே போய்த் தொலைவதில்லை. விசிறியின் சுழற்சி எஞ்சினை ஒருபுறம் திருப்பிவிட, படகு வட்டமடித்து, எசமானைப் பிரிய மனமில்லாத நாயைப்போல விழுந்தவரிடமே மீண்டும் மீண்டும் வருகிறது. இதைத் தடுக்கவே எஞ்சின் நிறுத்தக் கயிறு உண்டாயிற்று: ஒரு முனை ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுநர் உடம்பில், ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணையும். இந்த ஸ்விட்ச் பொருத்திய, 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுக்கையில் ஓட்டுநர் கயிற்றை மாட்டியிருக்க வேண்டுமென்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கயிற்றை ஸ்டீரிங்கில் சுற்றிவைத்து, ஸ்டீரிங் தண்ணீரில் விழுந்துவிடாமல் காப்போரும் உளர்.

படகுக்கு பிரேக் கிடையாது, ஏரிக்குக் கோடும் சிக்னலும் கிடையாது. 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, நேருக்கு நேர் வரும் மோட்டார் படகுகள் இரண்டும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும். குறுக்கே சந்திக்கையில் எவர் தம் வலப்புறத்தில் மற்றவரைக் காண்கிறாரோ அவரே வழிவிட வேண்டும். 5-ஆம் விதி, கண்ணாலும் காதாலும் இடைவிடாது கவனிக்கச் சொல்கிறது. தம் பாட்டை ஏரி முழுவதற்கும் பொதுவாக்கியவர் அவ்விதியில் பாதியைத் தொடக்கத்திலேயே மீறியவராகிறார்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சிரிக்க அதிகம் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளின்படி, காரணம் தெரிந்த படகு விபத்து மரணங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று மூழ்கி நேர்ந்தவை. மூழ்கியோரில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் அங்கி அணியாதவர்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக அங்கி படகில் இருந்தாலே சட்டம் திருப்தியடைவதால், அது இருக்கைக்கு அடியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. மாநிலம் வேறு விதி வகுக்காத இடங்களில் 13 வயது நிரம்பாதோர் மட்டும் அணிந்தே தீர வேண்டும். ஆகவே பல படகுகளில் மிதக்கும் தகுதி பெற்றவர்கள் குழந்தைகளே.

ஆபத்தில் கைப்பேசியை எடுத்தால் ஒருவருக்குக் கேட்கும், வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் சேனலில் அழைத்தால் சுற்றியுள்ள படகுகளுக்கெல்லாம் கேட்கும். ‘மேடே’ என்று மும்முறை கூறி, படகின் பெயர், இருக்குமிடம், நேர்ந்த ஆபத்து, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இவற்றுள் இருக்குமிடமே பலரைத் திணறடிப்பது. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மிச்சிகன் ஏரியில் “ஏரிக்கு நடுவில்” என்ற விடை போதுமானதன்று. இத்திணறலை முன்னறிந்த பொறியாளர்கள், படகின் அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும் தானே அனுப்பும் சிவப்புப் பொத்தானை வானொலியில் வைத்தனர். அதற்கு எண்ணைப் பதிவுசெய்து, ஜி.பி.எஸ். கருவியை வானொலியோடு இணைத்திருக்க வேண்டும். உள்ளே ஜி.பி.எஸ். இல்லாத வானொலியில் இவ்விரண்டும் செய்யாமல் பொத்தானை அழுத்தினால், யாரோ ஒருவர் எங்கோ ஆபத்தில் இருக்கிறார் என்ற செய்தி மிகத் தெளிவாகக் காவல்படையைச் சென்றடையும். அந்த இணைப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இரண்டு மெல்லிய ஒயர்கள்.