தவிசாளரும் அவவே, வாக்காளரும் அவவே

சாகாமத்து வட்டையில் சூடடிப்பு முடிந்தால் சனமெல்லாம் அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் வந்துவிடும். வாடியையும் குளக்கட்டையும் யானை பொறுப்பெடுக்கும். யானை வரி கட்டாது, ஜி.எஸ். கையொப்பமும் கேட்காது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் மொனோவி என்றொரு ஊர். அங்கேயும் சனம் போய்விட்டது. யானை வரவில்லை, அரசாங்கம் மட்டும் போகாமல் குந்திக்கொண்டது.

ஊர் பிறந்த கதையே விசேஷம். அந்தப் பக்கம் நயோபரரா ஆற்றோரம் பொன்கா மக்கள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். 1877இல் பட்டாளத்தை வைத்து அவர்களைக் கிளப்பிவிட்டு, "அடடா, இவ்வளவு காணி சும்மா கிடக்கே!" என்று வெள்ளைக்காரன் வாயைப் பிளந்தான். 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கனவே தயாராக இருந்தது. ஐந்து வருசம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். மழைக்கு என்ன வழி? அதற்கும் ஆள் இருந்தார். காணி வியாபாரமும் பார்த்த சார்ல்ஸ் டேனா வில்பர், கலப்பை போகிற இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று 1881இல் புத்தகமே போட்டார். நம்ம வட்டை விதானையார் காதில் இது விழுந்திருந்தால், மதகைப் பூட்டிச் சாவியை வில்பரின் கையிலேயே கொடுத்திருப்பார்.

1902இல் ரயில் வந்தது, ஊரும் வந்தது. 1930களில் சுமார் 150 பேர். அதே காலத்தில்தான் புல்வெளியெங்கும் வரட்சி: கலப்பை போனது, பின்னால் வந்தது புழுதி. 1967இல் தபால் கந்தோருக்குப் பூட்டு, 1974இல் பள்ளிக்கூடத்துக்கு. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மிஞ்சியது இரண்டே பேர், ரூடி ஐலரும் மனைவி எல்சியும். 2004இல் ரூடி மௌத்தானார். அவர் சேர்த்த ஐயாயிரம் புத்தகம் ஒரு கொட்டிலில் நூலகமானது.

இனி எல்சிதான் தவிசாளர், செயலாளர், பொருளாளர், நூலகர். ஊரில் இருந்த ஒரே தவறணையும் அவவுடையதே. அதற்கு லைசன் வேண்டும். தவறணைக்காரி எல்சி விண்ணப்பம் எழுதுவா. தவிசாளர் எல்சி அதை வாசித்துப் பார்த்து ஒப்பம் வைப்பா. தெருவிளக்குக்கு வரி போடுவதும் அவ, முணுமுணுத்துக்கொண்டு கட்டுவதும் அவ (முணுமுணுப்பு என் ஊகம், வரி கட்டுகிற யாரும் அப்படித்தானே). நம்ம கந்தோர் என்றால், "சேர் ஃபீல்டுக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க" என்று தப்பிக்கலாம். அவவுக்கு அந்த வழியும் இல்லை.

2020 குடிசன மதிப்பு வந்தது. மொனோவியில் இரண்டு பேர்! மற்றது யார் என்று எல்சிக்கே விளங்கவில்லை. தனியாள் விபரம் வெளியே தெரியாமல் இருக்கச் சின்ன ஊர்க் கணக்குகளை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிடுவோம் என்றது கணக்கெடுப்புத் திணைக்களம். ஒரேயொரு ஆள் இருக்கிற ஊரில் அந்த ஆளை யாருக்கும் அடையாளம் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். அந்த இரண்டாவது ஆள் கடைசிவரை வரியும் கட்டவில்லை, தவறணைப் பக்கமும் தலைகாட்டவில்லை.