சாகாவரம் வாங்கிய சிஸ்டம் கால்கள்

ஒரு புரோகிராமுக்குத் தானாக எதையும் செய்துகொள்ள வக்கில்லை. கோப்பு திறக்க வேண்டுமா, மணி கேட்க வேண்டுமா, தன் கதையையே முடித்துக்கொள்ள வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலிடம் மனுப் போட்டாக வேண்டும். அந்த மனுவுக்குச் சிஸ்டம் கால் என்று பெயர். ஒவ்வொரு வகை மனுவுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு பிடுங்கினால் எங்கோ ஒரு மூலையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த யாருடைய புரோகிராமோ குப்புற விழும்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியவர்களுக்கு இந்த வில்லங்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. புதுக் கோப்பு உண்டாக்கும் மனுவுக்கு 'கிரியேட்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில எழுத்துகளில் கடைசி 'ஈ'யை மட்டும் விட்டுவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று பின்னாளில் அவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸனிடம் கேட்டபோது, கிரியேட்டுக்கு அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம். உலகத்தையே தூக்கிச் சுமக்கும் ஒன்றைக் கட்டியவருக்கு அவ்வளவுதான் குறை.

20 வருடம் கழித்து, 1991இல், ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் யூனிக்ஸ் பாணியிலேயே லினக்ஸ் என்ற கெர்னலைத் தொடங்கினார். எழுத்துப் பிழையும் சீதனமாக வந்து சேர்ந்தது. இன்டெலின் 32 பிட் கணக்கில் கிரியேட்டுக்கு எண் 8. இதில் கூத்து என்னவென்றால், அதற்குள் 'ஓப்பன்' மனுவே கோப்பை உண்டாக்கவும் கற்றுக்கொண்டிருந்தது. அதற்கென்று வைத்த ஃபிளாகின் (மனுவோடு அனுப்பும் விருப்பக் குறி) பெயரிலும் அதே 'ஈ' இல்லை! கிரியேட்டுக்கு வேலை போயிற்று, பதவி போகவில்லை. பிற்பாடு 64 பிட் ஆர்ம் சிப்புக்கு லினக்ஸ் வந்தபோது, இங்கேதான் பழைய பாக்கி இல்லையே என்று கிரியேட்டையும் ஓப்பனையும் சேர்த்தே கழற்றிவிட்டு, ஓப்பனின் புது வடிவமான 'ஓப்பன்அட்' ஒன்றை மட்டும் வைத்தார்கள். சி நூலகம் விடுமா? அங்கே கிரியேட் இன்றும் உண்டு. வருகிற மனுவை வாங்கி, கமுக்கமாக ஓப்பன்அட் பக்கம் தள்ளிவிடுகிறது.

இயந்திரத்தின் பெயரைக் கேட்கும் 'யூநேம்' கதை இன்னும் மோசம். முதலில் பெயருக்கு எட்டே எழுத்து இடம் வைத்தார்கள். போதவில்லை. 64 எழுத்துக்கு இடம் விட்டுப் புதிது செய்தார்கள். அப்புறம் டொமைன் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று மூன்றாவது. பழையது 'ஓல்ட்யூநேம்' ஆனது. பழையதற்கும் பழையது? 'ஓல்ட்ஓல்ட்யூநேம்'. கிண்டல் இல்லை, கெர்னலில் அதுதான் பெயர், எண் 59.

இப்படிப் பெயர் தீர்ந்துபோனதும் எண்களை ஒட்ட ஆரம்பித்தார்கள். டூப், டூப்2, டூப்3. வெயிட்4, ஆக்ஸப்ட்4. இரண்டாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று நினைத்தால் ஏமாந்தோம். அந்த எண் ஆர்கியுமென்ட்களின், அதாவது மனுவோடு கொடுக்கும் விவரங்களின், எண்ணிக்கை. சரி, விதி புரிந்தது என்று நிமிர்ந்தால் 2014இல் 'ரீநேம்அட்2' வந்து நிற்கிறது. அதற்கு ஆர்கியுமென்ட் ஐந்து. இங்கே 2 என்றால் இரண்டாம் பதிப்பு. 2019இல் வந்த 'குளோன்3'க்கு இரண்டே ஆர்கியுமென்ட். எந்த எண் எந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்.

'ஈபோல்_கிரியேட்' என்று ஒன்று. (இதில் 'ஈ' இருக்கிறது, கவனித்தீர்களா?) எத்தனை இணைப்புகளைக் கவனிக்க வேண்டும் என்று தோராயமாக ஒரு தொகையைக் கொடுக்கச் சொன்னது. லினக்ஸ் 2.6.8 பதிப்பு முதல் அந்தத் தொகையைக் கெர்னல் சட்டை செய்வதே இல்லை. ஆனாலும் அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தே தீர வேண்டும். பூஜ்யம் போட்டால் மனு தள்ளுபடி.

எல்லாவற்றுக்கும் மேலே, ஓப்பனின் பெருந்தன்மை. தனக்குப் புரியாத ஃபிளாக் வந்தால் திட்டாது, கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்க்கும். விளைவு என்ன? புது ஃபிளாக் ஒன்றைச் சேர்த்தால், பழைய கெர்னல் அதை ஏற்றுக்கொண்டதா, விழுங்கிவிட்டதா என்று புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. 2013இல் பெயரில்லாத தற்காலிகக் கோப்புக்கு ஒரு ஃபிளாக் தேவைப்பட்டது. 'இது டைரக்டரிதான், ஆனால் எழுதத் திற' என்று அர்த்தம் வரும்படி பழைய ஃபிளாகையும் அதற்குள் பொதிந்தார்கள். பழைய கெர்னல் 'டைரக்டரியில் எழுதவா?' என்று எரிந்து விழும். அதை வைத்து, இங்கே வசதியில்லை என்று புரோகிராம் புரிந்துகொள்ளும். திட்டு வாங்குவதற்கென்றே திட்டமிட்டார்கள்! புரியாத ஃபிளாகைத் திருப்பி அனுப்பும் 'ஓப்பன்அட்2' வர 2020 ஆயிற்று.

இத்தனை சுமையும் எதற்கு என்றால், லினஸின் பிடிவாதத்துக்கு. 2012 டிசம்பரில் கெர்னலில் ஒரு பிழைக்குறியீடு மாறி, ஒலியைக் கையாளும் புரோகிராம்கள் படுத்துவிட்டன. குற்றம் புரோகிராமுடையது என்று சொன்ன கெர்னல்காரரை லினஸ் ஊரறியக் கிழித்துத் தொங்கவிட்டார். பயனரின் புரோகிராம் தப்பாகவே எழுதப்பட்டிருந்தாலும் அதை உடைத்தால் குற்றம் கெர்னலுடையது என்பது அவர் சட்டம். வாய்த்துடுக்கு அதிகம்தான்; சட்டம் நல்ல சட்டம்.

அந்தச் சட்டத்துக்காகக் கெர்னல் பொய் சொல்லவும் தயார். 2011இல் 2.6.39க்கு அடுத்து ஒரே தாவாக 3.0 என்று பெயர் வைத்தார்கள். பதிப்பு 2.6 என்றுதான் தொடங்கும் என்று நம்பியிருந்த புரோகிராம்கள் கலங்கிப்போயின. அவற்றைச் சமாதானம் செய்ய ஒரு வழி உண்டாக்கினார்கள். 'யூநேம்26' கட்டளை வழியாக ஓட்டினால் 3.0 தன்னை 2.6.40 என்று அறிமுகம் செய்துகொள்ளும். 4.0, 5.0, 6.0 மூன்றும் 2.6.60 என்று ஒரே வயதைச் சொல்லும்.