காற்றுப் புறம்போக்கு: டெல்லிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு, தொலைத்தொடர்புத் துறை, புதுடெல்லி.

பொருள்: வடசென்னைக் கணினிகளில் வயர்லெஸ் மவுஸ் இணைப்பறுந்து காணாமல் போவது குறித்து.

பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளே,

எண்ணூரிலிருந்து காற்றைப் பற்றி ஒரு கடிதம் வந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். 2023 டிசம்பரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் ஓடினார்களே, அந்தக் காற்று வேறு. இது தங்கள் இலாகாவின் காற்று. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமம் இல்லாமலே யாரும் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் விதி வகுத்தீர்கள். எங்கள் ஊரில் இதற்குப் புறம்போக்கு என்று பெயர். புறம்போக்குக்கு என்ன கதி நேரும் என்பதை எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து கிடக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் சொல்லும். தங்கள் விதி இன்னும் நேர்மையானது: பிறருக்கு இடையூறு செய்யாதே, உனக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்காதே என்கிறது. மனு எழுதப்படும் முன்பே தள்ளுபடி செய்யும் இந்த வசதி தாலுகா அலுவலகத்தில்கூடக் கிடையாது.

1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயிலுக்குத் தனித் தண்டவாளம் இருந்தது. ஏலத்தில் அலைக்கற்றை எடுக்கும் செல்போன் நிறுவனங்களுக்கும் அப்படியே. வயர் இல்லாத மவுஸுக்கும் ஹெட்போனுக்கும் கிடைத்ததோ இந்தப் புறம்போக்கு, அதாவது எண்ணூர் நெடுஞ்சாலை. அங்கே டிரெய்லர் வரிசைக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவதைப்போல, நான்கு வாட் வரை அனுமதிக்கப்பட்ட பாதையில் சில மில்லிவாட்டோடு மவுஸ் ஊர்கிறது. கூடவே பக்கத்து வீட்டு வைஃபைகள், மைக்ரோவேவ் அடுப்பு, கண்காணிப்புக் கேமரா. சரக்கு முனையங்களில் கண்டெய்னரையே அறையாக்கிய அலுவலகங்களும் உண்டு. இரும்புப் பெட்டிக்குள் பிறந்த இரைச்சல் சுவரில் மோதி உள்ளேயே சுற்றும். இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் மவுஸும் ஹெட்போனும் பயன்படுத்தும் புளூடூத்தைச் செய்தார்கள். பழைய வகை 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவும்; 2003 முதல் நெரிசலான தடத்தை அடையாளம் கண்டு ஒதுங்கவும் கற்றுக்கொண்டது. ஆகவே கூட்டத்தை மட்டும் குற்றம் சொன்னால் அது அரைகுறைப் புகார்.

மிச்சப் பாதி கணினியின் முதுகிலேயே இருக்கிறது. நீல நிறத்தில் துளை வைக்கிறார்களே, யூஎஸ்பி 3, அது நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்தும்போது சிதறும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதிலும் படர்கிறது. ஒரு சந்தில் கூட்டமென்றால் அடுத்த சந்துக்குத் தாவலாம். ஊர் முழுக்க வெள்ளம் என்றால் எங்கே தாவுவது? இதைச் சொன்னது எதிரிக் கட்சி அல்ல, அந்தத் துளையை வடிவமைத்தவர்களில் ஒருவரான இன்டெல். 2012-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்ததாக இருக்கிறது. குற்றவாளியே எஃப்ஐஆர் எழுதிக் கொடுத்த வழக்கு இது. ஆனால் தங்கள் பதிவேட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கு இடமில்லை, ஏனென்றால் அது ரேடியோ அல்ல. மவுஸுக்கு மட்டும் அலைவரிசை, திறன் எல்லாம் பார்த்து ஒப்புதல் தருகிறீர்கள். ஊதுகிறவனுக்கு ஒப்புதல் வேண்டும், பறையடிக்கிறவனுக்கு வேண்டாம் என்பது நல்ல கச்சேரி ஏற்பாடுதான்.

கோளாறு கணினியின் டிரைவர் மென்பொருளில் இருக்கலாமே என்று தங்கள் தரப்பில் கேட்கக்கூடும். இருக்கலாம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினியே புளூடூத்தை அணைத்துவிடுவதும் உண்டு. விண்டோஸ் 8 வந்தபின் ‘ஷட் டவுன்’ பெரும்பாலும் அரைத்தூக்கம்தான். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுக்க விழிக்கும். அதனால்தான் அணைத்துப் போட்டும் சரியாகாதது ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடுகிறது. ஆனால் அகற்று, மீண்டும் இணை, புதுப்பி என்று எந்த உதவிப் பக்கத்தைத் திறந்தாலும் வரும் அறிவுரை காற்றில் இருக்கும் கோளாறை ஆளின் அறியாமையாக மாற்றிவிடுகிறது. வயர் மவுஸ் வாங்கேன் என்பது இன்னொரு வாதம். மெல்லிய லேப்டாப்பில் இரண்டு துளைகளை மட்டும் விட்டுவிட்டு இதைச் சொல்வது, குழாயைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்வதைப்போல. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸைத் தாராளமாகத் திறந்தீர்கள். வைஃபையில் ஒரு பகுதி அங்கே குடிபோனது, மவுஸும் ஹெட்போனும் போக முடியவில்லை. அப்படியானால் உரிமம் கொண்டுவரலாமா என்று தங்கள் கண் மின்னுவது தெரிகிறது. வேண்டாம் ஐயா. ரேடியோ பெட்டிக்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய நாடு இது, மவுஸுக்கும் வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். புறம்போக்கு புறம்போக்காகவே இருக்கட்டும். அதில் கொட்டுகிறவரிடம் கணக்குக் கேட்டால் போதும்.

யூஎஸ்பி 3 துளையோ கேபிளோ விற்கிறவர், 2.4 கிகாஹெர்ட்ஸில் தன் பொருள் கக்கும் இரைச்சலின் அளவைப் பெட்டி மேல் அச்சிட வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அமைச்சகங்களோடு பேசி ஒரு விதி போடுங்கள். அதுவரைக்கும் மவுஸின் டாங்கிளை, அதாவது அதன் சிக்னலை வாங்கும் சிறு செருகியை, நீலத் துளைக்குப் பக்கத்தில் செருகாமல், ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்துக்கொள்கிறோம். அதன் விலையைத் தங்கள் துறையிடம் கேட்கவில்லை. பாதுகாப்புக் கோரக் கூடாது என்பதுதான் விதி.

இப்படிக்கு,
உரிமம் தேவைப்படாத குடிமக்களில் ஒருவர்,
திருவொற்றியூர்.