நெருப்புப் படிப்பும் கிணற்று வேலையும்

கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியது 2004 ஜூலை 16. அதற்கு அடுத்த ஆண்டு நான் பெரம்பலூரில் தீயணைப்பு, அவசரகாலப் பணி டிப்ளமோவில் சேர்ந்தேன். எங்கள் ஊர் இருக்கும் அரியலூர் அப்போது தனி மாவட்டம் இல்லை. 2007 நவம்பரில்தான் மறுபடி பிரிந்தது. செந்துறைப் பக்கத்து எங்கள் ஊரில் இப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. "தண்ணி ஊத்துனா அணையுது, அதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்று பெரியப்பா கேட்டார். "முடிச்சா துபாய்ல சேஃப்டி ஆபீசர் வேலை கெடைக்குமாம்" என்றார் அப்பா. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காலையில் மைதானத்தில் டிரில். 63 மி.மீ. ஹோஸைச் சுருட்டி, ஓடி விரித்து, கப்ளிங் மாட்ட வேண்டும். வகுப்பில் எண்ணெய்க் கிடங்கு, கப்பல், இருபது மாடிக் கட்டடம். இதில் எதுவுமே எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த நெருப்பு, சித்திரை வெயிலில் பிடிக்கும் கூரை. காற்று வாட்டத்தில் ஒரு குடிசை பிடித்தால் தெருவே போய்விடும். வண்டி வருவதற்குள் பெண்கள் அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்து இழுத்துப் போட்டுவிடுவார்கள். எரிவதற்கு எதுவும் கிடைக்காதபடி செய்வது தீயணைப்பின் மூன்று வழிகளில் ஒன்று என்று வகுப்பில் சொன்னபோது, எனக்கு அந்தப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அந்தக் குடிசைகளில் பாதிக்கு மேல் இன்று எங்கள் தெருவில் இல்லை. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுத்தார்கள். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கேஸ் அடுப்பு வந்தது, 2010-ல் கான்கிரீட் வீட்டுத் திட்டம் வந்தது. எங்கள் தெருவைக் காப்பாற்றியதில் ஹோஸைவிடக் கான்கிரீட்டுக்கே பங்கு அதிகம். இப்போது நானும் இந்தப் படிப்புக்கு வாத்தியார். இதை என் மாணவர்களிடமும் சொல்கிறேன்.

ஆனால் கிணறு அப்படியே இருக்கிறது.

பெரம்பலூர் வானம் பார்த்த பூமி. சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் எதுவானாலும் மழை பொய்த்தால் கிணற்றை நம்பித்தான். பாறையில் வெடி வைத்து வெடி வைத்து ஆழப்படுத்திய கிணறுகள். பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மாடு விழும், ஆடு விழும், ஆளும் விழும். எங்கள் பாடத்தில் கிணற்று மீட்பு ஒரு பக்கத்தோடு முடிந்துபோனது. அதிலும் கயிற்று முடிச்சுகள்தான். காற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி விட்டுப் பார்ப்பது, வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவது எல்லாம் ஊரில் நாங்கள் பார்த்து வளர்ந்தவை. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் போதாது என்று அர்த்தம். அந்த அளவுக்கு அது சரியான சோதனை. ஆனால் வெடி வைத்த கிணற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். பாறை இடுக்கில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, விளக்கையும் அணைக்காது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்குகிறவர் அடுத்து விழுவார்.

2020 ஜூலையில் பெரம்பலூர் அருகே அதுதான் நடந்தது. கிணற்றில் சிக்கியவரை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார். ஏப்ரல் 14 தோறும், 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களுக்காக நாங்கள் மௌனமாக நிற்போம். இப்போது என் மாணவர்கள் நிற்கும்போது இவரையும் சேர்த்துச் சொல்கிறேன். துறைமுகத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இந்தக் கிணறு தெரியும்.

அதனால் முதல் வாரமே சுவாசக் கருவியை முதுகில் மாட்டிவிடுகிறேன். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கிறவருக்கு 45 நிமிடம் வரும். பயந்தவர் அதைவிட அதிகமாக இழுப்பார். மேலே ஏறி வர வேண்டிய நேரமும் அதற்குள்தான். இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லாதவரை நான் யாரையும் ஏணியில் ஏற்றுவதில்லை. இவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்குத்தான் போவார்கள். போகட்டும், குடும்பம் நிமிரும். ஆனால் இந்த மண்ணுக்கு வேண்டிய பாடம் பாடத்திட்டத்தில் இல்லாமல் வாத்தியாரின் மனசைப் பொறுத்து நடப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

போன கோடையில் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "சார், எங்க கெணத்துல நேத்து வெடி வெச்சாங்க. நாளைக்கு மண்ணு அள்ள எறங்குறாங்க" என்றான். அடுத்த நாள் வாயுமானியோடு போனோம். பெரியவர் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார். மீட்டரைக் கயிற்றில் விட்டோம். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலறத் தொடங்கிவிட்டது.

"வெளக்கு அணையலியே தம்பி" என்றார்.

"இந்தக் காத்துல வெளக்கு நல்லா எரியும்ணே. ஆளுதான் விழுவாரு."

நெல் தூற்றும் விசிறியைக் கொண்டுவரச் சொல்லி, பெரிய பிளாஸ்டிக் குழாய் வழியாக அடிவரைக்கும் காற்று அடித்தோம். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. கூலி போச்சே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், கிணற்றுக்காரர் பாதிக் கூலி கொடுத்தார். மறுநாள் காலை மீட்டர் சத்தம் போடவில்லை. நாங்கள் அதை எடுத்துப் பையில் வைக்கப் போனோம். இன்னொரு தடவை விட்டுப் பார்க்கச் சொன்னது அந்தப் பெரியவர்தான்.