இரண்டு ஜிபியில் குரோம் ஏற்றும் மரபு: ஹட்டன் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மலையகத்தைப் பற்றிய ஆய்வுகள் சம்பளம், குடியுரிமை, காணி, லயம் எனப்படும் வரிசை வீடுகள் என்று கனமான பொருள்களையே கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததைச் சொல்லாமல் அவை தொடங்குவதும் இல்லை. அந்தக் கடமை முந்தைய வாக்கியத்தோடு முடிந்துவிட்டதால் இக்கட்டுரை நேராகத் தன் பொருளுக்கு வருகிறது. பழைய லெப்டொப் திணறுகிறதே என்று விண்டோஸைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார் ஒருவர். அது திறந்த கையோடு அவர் குரோமைத் தேடி இறக்குவது ஏன்?

ஆய்வுக் களம் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகள். தரவு மூலம் கொமினிகேஷன் கடை. வெளியூர் வாசகருக்காக ஒரு விளக்கம்: போட்டோகொப்பி, ரீலோட், லெமினேட்டிங், பெறுபேறு பார்த்தல், வேலைக்கு விண்ணப்பம் அனுப்புதல் எல்லாம் நடக்கும் பத்தடிக்குப் பத்தடி இடம் அது. கணினியில் எது பழுதானாலும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். அந்தக் கடைக்காரரின் கருத்தே இந்த வட்டாரத்தில் இறுதித் தீர்ப்பு, மேன்முறையீடு கிடையாது.

முறையான ஆய்வு என்றால் உயரத்தின் தாக்கத்தை முதலில் கழித்துவிட வேண்டும். தேயிலையின் ருசி உயரத்தால் மாறுகிறது; 4,000 அடிக்கு மேல் விளைந்ததற்கு ஏலத்தில் தனி மரியாதை. கணினிக்கும் அப்படியா? ஹாட் டிஸ்க் நிறுவனங்கள் பெரும்பாலும் 3,048 மீற்றர், அதாவது 10,000 அடி உயரம் வரைக்கும்தான் தங்கள் பொருள் ஒழுங்காக ஓடும் என்று எழுதிவைக்கின்றன. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர். நுவரெலியா 1,868. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலையின் உச்சி 2,524. ஆகவே இலங்கையில் எந்த மலையில் கொண்டுபோய் வைத்தாலும் கணினி ஊர்வதற்கு உயரத்தைக் குறை சொல்ல முடியாது. ஈரம் வேறு விஷயம். மழை மாதங்களில் மூடியே வைத்திருந்த லெப்டொப்பைத் திறந்தால் திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வரும். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் பிடிக்கும். கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது.

1890-இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1990-இல், டிம் பேர்னர்ஸ்-லீ ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் உலகின் முதல் உலாவியை எழுதினார். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? இல்லை. ஆனால் இப்படி ஒரு பத்தி இல்லாத ஆய்வேட்டுக்குப் பட்டம் கொடுப்பது கடினம்.

கணினிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் கொழும்பிலிருந்து, தீபாவளிக்கு. கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் விசாரித்து, கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம் என்று ஒன்றை வாங்கி, உயர்தரம் படிக்கும் தங்கச்சிக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் விண்டோஸ் 7 இருக்கும். அல்லது மூச்சிரைக்கிற விண்டோஸ் 10. முதலாவதற்கு மைக்ரோசொப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், இரண்டாவதற்கு 2025 ஒக்டோபர் 14-இலும் முடிந்தது. விண்டோஸ் 7-இல் ஓடிய கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. 2023-க்குப் பிறகு அங்கே புதியது எதுவும் வரவில்லை. இந்த நிலையில்தான் கடைக்காரர் லுபுண்டு, லினக்ஸ் லைட், அன்டிஎக்ஸ் போன்றவற்றில் ஒன்றை எடுத்து வருகிறார்.

எடை குறைந்த இயங்குதளம் என்பது கவ்வாத்து வெட்டிய செடி. அலங்காரம், மினுக்கு, பின்னணியில் சும்மா ஓடும் செயலிகள் எல்லாவற்றையும் வெட்டித் தண்டை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். அதன் மேல் எதை ஏற்றுகிறோம் என்பதில்தான் சிக்கல் ஆரம்பம்.

கடையில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இது:

“அண்ணா, இதுல குரோம் போட்டுத் தாங்களேன்.”

“பயர்பொக்ஸ் இருக்குதே தங்கச்சி. அதுலயும் எல்லாம் வரும்.”

“இல்லண்ணா, சேர் குரோம்லதான் தெறக்கச் சொன்னாங்க.”

இந்த மூன்றாவது வரிதான் நம் ஆய்வின் முதன்மைச் சான்று. சேர் சொன்னது இணையத்தைத் திறக்கச் சொல்லித்தான்; கூகுள் என்றால் இணையம், குரோம் என்றால் அதன் கதவு என்று ஆகிவிட்ட காலத்தில் அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கடைக்காரரும் வாதாடுவதில்லை. வாதாடி வென்றாலும் அந்தப் பிள்ளை அடுத்த கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு போகும்.

குரோமின் எடைக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 2008 செப்டெம்பரில் கூகுள் அதை வெளியிட்டபோது, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஸ்கொட் மெக்லவுட் வரைந்த சித்திரக்கதை ஒன்றையும் வெளியிட்டது. ஒவ்வொரு தாவலையும் தனித் தனிச் செயல்முறையாக ஓட்டுவது, ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் பார்த்துக்கொள்வது என்பதே அதன் பெருமை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு செயல்முறைக்கும் ரேமில் தனிப் பங்கு வேண்டும். யூடியூப்பில் ஒரு பாடம், ஜிமெயில், கூகுள் வகுப்பறை, ஓரத்தில் ஒரு முகநூல் என்று நான்கு தாவல் திறந்தால் 2 ஜிபி தீர்ந்து, மிச்சத்தை ஹாட் டிஸ்க்கில் வைத்து எடுக்க வேண்டியதாகிவிடும். அதன் விளக்கு அணையாமல் எரியும். பயர்பொக்ஸும் பின்னாளில் பல செயல்முறை முறைக்குத்தான் வந்தது என்பதை நடுநிலை கருதிக் குறிப்பிட வேண்டும்.

நிறுவும் முறையைப் பொறுத்தவரை களத்தில் மூன்று பள்ளிகள் காணப்படுகின்றன. முதலாவது எக்ஸி பள்ளி. விண்டோஸில் வைத்திருந்த நிறுவல் கோப்பைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து, லுபுண்டுவில் இரு முறை சொடுக்கிப் பார்ப்பது. ஒன்றும் நடக்காது, அல்லது கோப்பு விரிக்கும் செயலி திறந்து அதன் குடலைக் காட்டும். பென்ட்ரைவ் பழுது என்று முடிவு கட்டி வேறு பென்ட்ரைவ் கேட்பது இப்பள்ளியின் அடுத்த படி.

இரண்டாவது டெப் பள்ளி. கூகுளின் பக்கத்துக்கே போனால் டெப் வேண்டுமா, ஆர்பிஎம் வேண்டுமா என்று கேட்கும். உபுண்டு, லுபுண்டு, மின்ட், லினக்ஸ் லைட் ஆகிய எல்லாவற்றுக்கும் டெப்தான். நூறு எம்பியைத் தாண்டும் அந்தக் கோப்பு இறங்க வேண்டுமானால் போனை ஜன்னல் கட்டையில் சிக்னல் பிடிக்கிற மூலையில் வைத்து, கேபிளால் லெப்டொப்போடு இணைக்க வேண்டும். லயத்தில் ஜன்னல் ஓரமாகத்தான் கணினி இருக்கும் என்பதன் காரணம் வெளிச்சம் மட்டும் அல்ல. கோப்பு இறங்கியதும் இரு முறை சொடுக்கினால் போதும். அப்போதே கூகுளின் களஞ்சிய முகவரியும் கணினியில் பதிந்துவிடுவதால், இனி வரும் புதுப்பிப்புகள் தாமாகப் பட்டியலில் சேரும். அவையும் டேட்டாவைத் தின்னும் என்பதைப் போட்டுக் கொடுப்பவர் சொல்வதில்லை.

மூன்றாவது, முனையப் பள்ளி. கறுப்புத் திரையில் சூடோ என்று தொடங்கி ஒரு வரி தட்டுவது. அடுத்துக் கடவுச்சொல் கேட்கும். தட்டினால் பெரும்பாலும் திரையில் எழுத்தும் விழாது, புள்ளியும் விழாது. நீளம்கூட அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முதல் தடவை பார்ப்பவர் கீபோர்ட் செத்துவிட்டது என்று நினைத்து, கவிழ்த்துத் தட்டி, சில தேயிலைத் தூள்களை வெளியே எடுத்த பிறகே கடைக்குப் போன் செய்கிறார்.

இவை மூன்றும் தேவையே இல்லை. லுபுண்டுவில் டிஸ்கவர் என்று ஒரு மென்பொருள் கடை இருக்கிறது. மற்றவற்றிலும் அதுபோல ஒன்று உண்டு. குரோம் அங்கே வழக்கமாக இருக்காது; ஆனால் திறந்து, அதன் திறந்த மூல வடிவமான குரோமியத்தைத் தேடி, நிறுவு என்று அழுத்தினால் வேலை முடிந்தது. பள்ளி என்று சொல்லும் அளவுக்கு அதற்குச் சீடர்கள் சேராதது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனிப் பாடபேதச் சிக்கல். 2019-இல் வந்த உபுண்டு 19.10 முதல், குரோமியத்தை வழக்கமான களஞ்சியத்தில் கேட்டாலும் கைக்கு வருவது வெறும் உறைதான்; உள்ளே ஸ்னாப் என்னும் வேறு வகைப் பொதி இருக்கும். 2022-இல் வந்த 22.04-இல் பயர்பொக்ஸுக்கும் அதே கதி. மூலபாடம் என்று நினைத்தது இடைச்செருகலாக இருப்பது ஏட்டுச்சுவடி ஆய்வாளருக்குப் புதிதல்ல; ஆனால் பழைய ஹாட் டிஸ்க்கில் இந்த இடைச்செருகல் முதல் தடவை திறக்க எடுக்கும் நேரத்தில் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிடலாம். லினக்ஸ் மின்ட் இதை ஏற்காமல் 2020-இல் ஸ்னாப்பைத் தடுத்து, குரோமியத்தைத் தானே கட்டிக் கொடுக்கிறது. இதற்கு முன்பும் ஒரு குழப்பம் இருந்தது: வணிகச் சின்னத் தகராறினால் டெபியனில் 2006 முதல் பத்து ஆண்டுகள் பயர்பொக்ஸ் ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் உலாவியது. நரியைத் தேடிப் போனவருக்கு மரநாய் கிடைத்தது.

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கின்றன. அவற்றின் கரையிலுள்ள லயங்களில் காற்றடித்தால் கரண்ட் போகும். உலாவி நிறுவிக்கொண்டிருக்கும்போது, பெற்றரி செத்த லெப்டொப்பில் கரண்ட் போனால், அடுத்த முறை எதை நிறுவப் போனாலும் பொதி மேலாளர் இடையில் நின்றுவிட்டது, சரிசெய் என்று மறிக்கும். கட்டமைப்பை முடித்துவிடச் சொல்லும் கட்டளை அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். அதை அப்படியே தட்டினால் போதும். நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நிறுத்திய 2022 மார்ச் இறுதியில் இந்தக் கட்டளையை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு.

மொழிப் பிரச்சினைக்கு வருவோம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பயர்பொக்ஸின் மொழிப் பட்டியலில் தமிழுக்கு இரண்டு இடம் இருந்தது: ஒன்று இந்தியத் தமிழ், மற்றது இலங்கைத் தமிழ். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சமூகம் இது. அதைச் சேர்ந்த ஒருவர் இந்தப் பட்டியலுக்கு முன்னால் உட்கார்ந்து எதைச் சொடுக்க வேண்டும்? நல்லவேளை, அவர் இரண்டையும் விட்டு ஆங்கிலத்தைச் சொடுக்கினார். பின்னர் இலங்கைப் பதிப்பு நின்றுபோய், இன்று ஒரே தமிழ்தான் மிச்சம்.

கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானை மலையின் பெயரில் இலங்கையர் ஒரு லினக்ஸே செய்திருக்கிறார்கள். பெடோராவை அடியாகக் கொண்ட ஹந்தானை லினக்ஸ் அது. தேயிலை அருங்காட்சியகம் இருக்கும் மலையிலிருந்து பெயர் எடுத்த இயங்குதளம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வரவில்லை என்பது இந்த ஆய்வாளருக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கைக்கு வந்தவற்றில் சிலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டங்கள் தெரியும். லோகித் தமிழோ நோட்டோ தமிழோ நிறுவினால் கட்டம் எழுத்தாகும். பாமினியில் தட்டிய பழைய டொகியூமன்டுகளுக்குப் பாமினியையே கொண்டுவந்து போட வேண்டும்; யூனிகோட் வந்து எத்தனை காலமானாலும் இலங்கையின் அச்சுக் கடைகளில் பாமினிக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

அப்படியானால் உலாவியிலும் எடை குறைந்ததைப் போடலாமே என்பார் சிலர். டில்லோ, நெட்சேர்ப் இரண்டும் இறகு மாதிரி திறக்கும். ஆனால் யூடியூப்பும் கூகுள் வகுப்பறையும் அவற்றில் ஓடா. இன்றைய தளங்கள் கேட்கும் ஜாவாஸ்கிரிப்டை முழுதாக ஓட்டும் எந்த உலாவியும் இலேசாக இருக்க முடியாது. பல்கன் போன்றவை உள்ளே குரோமியத்தின் இயந்திரத்தையே வைத்திருப்பதால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. இயங்குதளக்காரர்களே இதை ஒத்துக்கொண்டாயிற்று: ஒரு சீடிக்குள் அடங்கிய லுபுண்டு இன்று 2 ஜிபியைத் தாண்டிய கோப்பு; 2018-இல் அதன் குழு, பழைய கணினிகளை முதன்மை இலக்காக வைப்பதில்லை என்றும் குறைந்தபட்சத் தேவைகளை இனி அறிவிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டது.

தீர்ப்பு இது. 2 ஜிபி லெப்டொப்பில் ஏற்கெனவே உள்ள பயர்பொக்ஸை வைத்துக்கொண்டு, அதில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்ப்பதே சரி. விளம்பரம் இறங்காவிட்டால் ரேமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம். குரோமில் அந்தத் தடுப்பானின் முழுப் பதிப்பு 2024 முதல் படிப்படியாக முடக்கப்பட்டுவிட்டது. குரோம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தங்கச்சிக்கு, கடைக்காரர் 2 ஜிபி ரேம் ஒன்றைக் கூடச் செருகிக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் போட்டுக்கொள்ளலாம்.

32 பிட் கணினி வைத்திருப்போர் தனியாகக் கவனிக்க வேண்டும். பழைய அட்டொம் நெட்புக்குகளில் பலவும், 2 ஜிபிதானே என்று 32 பிட் லினக்ஸ் போட்ட கோர் 2 டுவோக்களும் இதில் அடக்கம். லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. லினக்ஸுக்கான 32 பிட் பயர்பொக்ஸும் 144-ஆம் பதிப்போடு நின்றது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140-க்கு மொசில்லா உறுதி சொல்லியிருப்பது 2026 செப்டெம்பர் வரை மட்டுமே. கோர் 2 டுவோ 64 பிட்டைத் தாங்கும், ஆகவே அதை வைத்திருப்பவர்கள் இயங்குதளத்தை இப்போதே மாற்றிப் போடுவது நல்லது.