போறீங்களா, அனுப்பட்டுமா?

பினாங்கு மாக் மண்டினில் ஓர் ஆலை திறந்தால் ஊருக்கே திருவிழா. ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதர், வாசலில் சிங்க நடனம், வந்தவருக்கெல்லாம் நெய்ச்சோறு, மறுநாள் பத்திரிகையில் முக்கால் பக்கத்துக்குப் படம். அதே ஆலை ஆளைக் குறைக்கும்போது மேளமும் கிடையாது, பெரிய மனிதரும் கிடையாது. ஏர்கான் போட்ட சின்ன அறை ஒன்று. மேசைமேல் ஒரு கடிதம், ஒரு பேனா, ஒரு டிஷ்யூ பெட்டி.

அந்த டிஷ்யூ பெட்டியை நன்றாகப் பாருங்கள். ஓ.டி. பாக்கியைக் கேட்டால் "ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரலை" என்கிற நிர்வாகம், டிஷ்யூவுக்கு மட்டும் முன்கூட்டியே ஆர்டர் போட்டு வாங்கி வைத்திருக்கிறது. யார் அழப்போகிறார்கள், எத்தனை பேர் அழப்போகிறார்கள் என்று கணக்குத் தெரிந்திருக்கிறது. அழப்போகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

உள்ளே நடக்கும் பேச்சு ஆலைக்கு ஆலை பெரிதாக மாறுவதில்லை. பதினெட்டு வருஷம் ஒரே லைனில் நின்ற ஓர் அக்காவை உட்கார வைக்கிறார்கள். எதிரே, தன் அம்மா வயதுக்காரியிடம் பேசுகிறோம் என்ற கூச்சம் இன்னும் விட்டுப்போகாத ஒரு எச்.ஆர். பையன்.

"அக்கா, கம்பெனி உங்களைப் போகச் சொல்லலை. நீங்களா முடிவு பண்ணிக்கலாம்."

"பண்ணலைன்னா?"

"அப்ப கம்பெனி முடிவு பண்ணும்."

"அது எப்படி இருக்கும் தம்பி?"

"இப்ப கிடைக்கிறது அப்ப கிடைக்காது. இன்னிக்கி அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. நல்லா யோசிங்க."

ஷாப்பியில் வாங்கிய ரைஸ் குக்கர் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கக்கூட நாள் கணக்கில் அவகாசம் உண்டு. பதினெட்டு வருஷ வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்க அஞ்சு மணி வரை. இதற்குப் பெயர் விருப்ப விலகல், சுருக்கமாக வி.எஸ்.எஸ். யாருடைய விருப்பம் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் டிஷ்யூ பெட்டியை உங்கள் பக்கம் தள்ளுவார்கள்.

இந்த மண்ணுக்கு ஆலை ஒன்றும் புதிதில்லை. பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வலயம் 1972-இல் வருவதற்கு முன்பே தொழிற்பேட்டை கண்டது மாக் மண்டின்; பினாங்கின் முதல் தொழிற்பேட்டை அதுதான். 1969-இல் பினாங்கின் சுதந்திரத் துறைமுக அந்தஸ்து பறிபோனது. வேலையில்லாத இளைஞர் கூட்டம் தெருவை நிறைத்தது. முதலமைச்சர் லிம் சோங் யூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்து வந்தார். முதலில் வந்த எட்டு நிறுவனங்களுக்கு "எட்டு சாமுராய்கள்" என்று பட்டமே கொடுத்தோம். கையில் வாளோடு வந்தவர்களைத்தான் சாமுராய் என்பார்கள். அந்த வாள் யாருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவ்வளவு பசி.

அந்த எட்டில் ஒன்று இன்டெல். 2024 ஆகஸ்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 15,000 பேரைக் குறைக்கப்போவதாக அது அறிவித்தது. தலைமை நிர்வாகி பேட் கெல்சிங்கர் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்திலேயே, முன்கூட்டி ஓய்வு பெறுவோருக்குச் சலுகை உண்டு, தாமாக விலக விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்ற சேதி இருந்தது. நான்கே மாதம். டிசம்பர் முதல் தேதி அவரே நாற்காலியை விட்டு இறங்கினார். அவருக்கு ஏர்கான் அறையும் அஞ்சு மணிக் கெடுவும் இருந்தனவா, தெரியாது. கணக்கு மட்டும் ஊரறிந்தது. நான்கு வருஷம்கூட முழுதாக முடிக்காத பதவிக்கு, வருஷத்துக்குப் பன்னிரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் என்ற விகிதத்தில் 18 மாத அடிப்படைச் சம்பளம். போனஸ் தனி.

நம் அக்காவின் கணக்குக்கு வருவோம். மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிகள் இப்படிச் சொல்கின்றன: இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்கு 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். பதினெட்டு வருஷத்துக்கு 360 நாள். ஒரு முழு வருஷச் சம்பளத்துக்கு ஐந்து நாள் குறைவு! அந்த ஐந்து நாளை எந்தக் கஞ்சன் சுரண்டினானோ. இதே அளவுகோலைத் தலைமை நிர்வாகிக்கு வைத்துப் பாருங்கள். நான்கு வருஷம் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 60 நாள் சம்பளம்தான் தேறும். அவரைக் கூப்பிட்டு, "சார், அறுபது நாள் காசு, அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து" என்று சொல்ல எந்த எச்.ஆர். பையனுக்குத் துணிச்சல் வரும்?

இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டுமா? 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும் என்று மேளம் கொட்டினார்கள். உள்ளே ஒரு ஓட்டை வைத்துவிட்டுக் கொட்டினார்கள். உடலுழைப்பு வேலையில் இல்லாதவர் மாதம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிச் சம்பளம் வாங்கினால், அவருக்கு இந்த இழப்பீட்டு விதி கிடையாது. அவருடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஆக, இருபது வருஷம் கணக்கு எழுதி, படிப்படியாக ஏறி, 4,001 ரிங்கிட்டைத் தொட்ட கிளார்க் அண்ணனுக்குச் சட்டம் தரும் உத்தரவாதம் பூஜ்யம். அந்தக் கடைசி ஒரு ரிங்கிட் உயர்வுக்கு அவர் வீட்டில் பாயசம் வேறு வைத்திருப்பார்கள்.

ஜொகூர் மூவாரில் பிறந்த லிப்-பு தான் 2025 மார்ச்சில் இன்டெல்லின் தலைமைக்கு வந்தார். நம்ம நாட்டுப் பிள்ளை என்று நாமும் நெஞ்சு நிமிர்த்தினோம். ஜூலையில், வருஷக் கடைசிக்குள் ஊழியர் எண்ணிக்கையை 75,000 அளவுக்குக் கொண்டுவருவோம் என்றது நிறுவனம். மூவாரில் பிறந்தவர் பிடித்தால் கத்தி மழுங்கிவிடுமா என்ன? அதே அறிவிப்பில், கோஸ்டா ரிக்காவில் நடக்கும் பொருத்துதல், சோதனை வேலைகளை வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மாற்றுவதாகச் சொன்னார்கள். இங்கே சிலர் கைதட்டினார்கள். அங்கே இழவு விழுந்த வீட்டுச் சாமானை இங்கே சீதனமாக இறக்குகிறார்கள் என்று யாருக்கும் உறைக்கவில்லை. நாளைக்கு நம் வீட்டுச் சாமானை வேறெங்கோ இறக்கும்போது அங்கேயும் நாலு பேர் கைதட்டுவார்கள்.

சரி, போவதா, இருப்பதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பினாங்கில் ஆள் பஞ்சமே இல்லை. மாமாக் கடையில் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். "இது முடிவில்லைங்க, ஆரம்பம்" என்பார் தன்முனைப்புப் பயிற்சியாளர். அவருக்கு இது ஆரம்பம்தான், கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிடுவார். நாசி லெமாக் கடை போடு என்பார் மச்சான். கிராப் ஓட்டு என்பார் ஏற்கெனவே கிராப் ஓட்டி நொந்துபோன இன்னொருவர். பணம் கைக்கு வரும் நாளை மோப்பம் பிடித்து வருபவர் கடைசி ஆள்: போடுற காசு மாசாமாசம் குட்டி போடும் என்பார். மாதம் இருபது விழுக்காடு என்று ஆசை காட்டிய ஜே.ஜே.பி.டி.ஆர். முதலீட்டுத் திட்டம் இதே பினாங்கில்தான் 2017-இல் படுத்தது. அதை மறந்தவர்களைத் தேடித்தான் இந்த மனிதர் வருகிறார்.

இருப்பவர் மட்டும் என்ன சுகப்பட்டார்? மூன்று பேர் பார்த்த மெஷினை ஒருவர் பார்ப்பார். கழிப்பறைக்குப் போனால் யார் மாற்று என்று கேட்பார்கள். அடுத்த பட்டியல் எப்போது என்ற பயத்தில் மெடிக்கல் லீவு எடுக்காமல் காய்ச்சலோடு வருவார். வருஷக் கடைசி விருந்தில் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பத்தில் கஷ்டம் வந்தால் பிள்ளையை விற்கும் அப்பன் அவர்.

போவதா, இருப்பதா என்று நம்மைக் கேட்பது இது முதல் தடவையும் இல்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையாக அமலுக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து, காகிதம் எங்கே என்று கேட்டார்கள். சுமார் 60,000 பேர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு பிறந்த மண்ணிலேயே வேற்றாளாய் நின்றார்கள். போனவருக்கும் நீதி கிடைக்கவில்லை, இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. கேள்வியைக் கேட்டவன் மட்டும் எதையும் இழக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கதையும் வேறில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் விருப்ப ஓய்வு என்று காகிதத்தை நீட்டியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு விருப்ப ஓய்வாம்! அந்த நவம்பரில் ஆலையே நின்றது. கையெழுத்திடாதவரும் வெளியே வந்தார்.

இந்தக் கேள்விகூடக் கேட்கப்படாத ஒரு கூட்டம் நம் பக்கத்திலேயே நிற்கிறது. ஆட்குறைப்பு வந்தால், அதே வேலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியை முதலில் அனுப்பிய பிறகுதான் உள்நாட்டவரைத் தொட வேண்டும் என்கிறது வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு. ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்த நேபாளிக்கும் வங்காளதேசிக்கும் பேனாவும் கிடையாது, டிஷ்யூவும் கிடையாது. விமான டிக்கெட் மட்டும் உண்டு. அவன் போனால் நமக்கு ஆபத்தில்லை என்று லைனில் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். கத்தி முதலில் யார் கழுத்தில் விழும் என்று வரிசைப்படுத்தி வைத்ததுதான் சட்டம் செய்த பெரிய உதவி. 1969-இல் பெர்மிட் இல்லை என்று துரத்தப்பட்டவர்களின் பேரன் விடும் பெருமூச்சு அது என்பதை யோசித்தால் வயிறு எரிகிறது.

சங்கம் கேட்கவில்லையா என்பீர்கள். மின்னணுத் தொழிலாளருக்கு நாடு தழுவிய சங்கத்தை அரசு பல பத்தாண்டுகள் அனுமதிக்கவே இல்லை. 1988-இல், ஆலைக்கு உள்ளே மட்டும் அமைத்துக்கொள் என்றது. 2009-இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு வழி விட்டது. சாமுராய்க்கு 1972-இலேயே சிவப்புக் கம்பளம். தொழிலாளிக்கு ஒரு கேடயம் செய்துகொள்ள 37 வருஷக் காத்திருப்பு. மனிதவள அமைச்சில் 2008 முதல் சுப்பிரமணியம், குலசேகரன், சரவணன், சிவக்குமார் என்று நான்கு தமிழர்கள் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். ஒவ்வொரு நியமனத்துக்கும் நம்மவர் என்று மாலை போட்டோம். அந்த 4,000 ரிங்கிட் ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மாலைக்கு ஆன காசை ஒரு வக்கீலுக்குக் கொடுத்திருக்கலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். போவதா இருப்பதா என்பது உங்கள் கேள்வியே இல்லை. உங்களை வெளியே தள்ளும் வேலையை உங்கள் கையாலேயே செய்ய வைக்கும் தந்திரம் அது. உங்கள் கையெழுத்து விழுந்தால் அவர்களுக்குச் செலவும் குறைவு, வழக்கும் குறைவு. அதனால்தான் அவ்வளவு அவசரம். அதனால்தான் அஞ்சு மணி.

ஆகவே கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, காரியத்தைக் கவனியுங்கள். நீட்டுகிற தாளில் ராஜினாமா என்று இருந்தால் தொடாதீர்கள். 2018 முதல் உங்கள் சம்பளத்திலும் பிடிக்கிறார்களே, அந்தச் சொக்சோ வேலைக் காப்புறுதி, தானாக ராஜினாமா செய்தவருக்குச் சல்லிக்காசு தராது. ஆட்குறைப்பில் போனவருக்கும் வி.எஸ்.எஸ். வாங்கியவருக்கும், சந்தா நிபந்தனை சரியாக இருந்தால், ஆறு மாதம் வரை உதவித்தொகை தரும்: காப்புறுதிச் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. நோட்டீஸ் காலம் முடியுமுன் முதலாளியின் சம்மதம் இல்லாமல் கோபத்தில் கிளம்பிவிடாதீர்கள், இழப்பீடும் போய்விடும். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவில் பி.கே. பாரம் கொடுத்தாகிவிட்டதா என்று அந்த எச்.ஆர். பையனைக் கேளுங்கள், அவன் முகம் மாறுவதைப் பாருங்கள். கடிதத்தை வாங்கி, வீட்டில் காட்டிவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது ராஜினாமா இல்லை, வேலைநீக்கம் என்று 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

புகாருக்கும் 60 நாள், சொக்சோ மனுவுக்கும் 60 நாள். முதல் நாளை வேண்டுமானால் அழுது தீர்த்துவிடுங்கள். மிச்சம் 59 நாளும் தனியாகப் போகாதீர்கள். உங்களோடு கடிதம் வாங்கிய எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்த் தொழில் உறவு இலாகாவின் கவுண்டரில் நில்லுங்கள்.